நின்றுபோன யந்திரத்தின் விலை

குளச்சலிலிருந்து தேங்காய்பட்டணம் வரை நீளும் குமரி மாவட்டத்து மேற்குக் கரையில், எந்தக் கடலோர ஊருக்குள் நுழைந்து நடந்தாலும், ஏதேனும் ஒரு வீட்டின் பின்சுவரோரம், பழைய தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, மரச்சட்டத்தில் மாட்டியபடி நிற்கும் படகு எஞ்சின் ஒன்று கண்ணில் படாமல் போகாது. விசாரித்தால் அது விலைக்கு இருக்கிறதென்று தெரியவரும்; விலையைக் கேட்டாலோ, கேட்டவருக்குத் தம் காதின்மேலேயே ஒரு கணம் சந்தேகம் தட்டும். புது எஞ்சினுக்கு லட்சத்தைத் தாண்டிப் பணம் எண்ணி வைக்க வேண்டிய இந்நாளில், அதே கம்பெனி, அதே குதிரைத்திறன், அதே வர்ணம், ஆனால் விலை மட்டும் அதில் சிறு பங்கு. குறை ஒன்றே ஒன்றுதான்: ஓடவில்லை.

இந்த ஒரு குறையைச் சிறிதாக மதித்து வாங்கி, பிற்பாடு புது எஞ்சினுக்கு ஆகக்கூடிய பணத்தையும் அதற்குமேல் ஒரு மீன்காலத்து வருமானத்தையும் இழந்தவர்கள் கரையில் உண்டு. பெரிதாக மதித்து விலகிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் அதையே வாங்கி இரண்டு நாளில் ஓடவைத்துக் கடலுக்குக் கொண்டுபோனதைக் கண்டு மனம் பொருமியவர்களும் உண்டு. இரு திறத்தாரும் அதிர்ஷ்டத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அபிப்பிராயத்தில் முழு சம்மதம் கிடையாது. ஓடாத யந்திரம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால்தான் நின்றது. அந்தக் காரணத்தின் பெரும்பகுதி, ஒரு திருப்புளியும் ஒரு பிளக் ஸ்பேனரும் சிறிது பொறுமையும் உள்ளவருக்கு, பணம் கைமாறுவதற்கு முன்பே தெரியக்கூடியதாக இருக்கிறது. தெரியாமல் மிஞ்சுகிற பகுதிக்குத்தான் விலையைக் குறைத்துப் பேச வேண்டும்.

வள்ளத்தின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற இந்த யந்திரத்துக்கு வயது நூறாண்டுக்குச் சற்று அதிகம். நார்வேயில் 1877-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஓலே எவின்ரூட் என்ற தொழிலாளி, கோடைகாலத்து வெயிலில் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து தம் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போன வருத்தத்தில் இதைக் கற்பனை செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், 1909-இல் அவர் வியாபாரத்துக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒன்றரைக் குதிரைத்திறனும் 62 பவுண்டு எடையும் கொண்டதாக இருந்தது. மேலே சிலிண்டர், நடுவில் நெட்டச்சு, கீழே தண்ணீருக்குள் பல்சக்கரங்களும் புரொப்பெல்லரும் என்ற அந்த அமைப்பு இன்றளவும் மாறவில்லை. நம் குமரிக்கரையில் கட்டுமரத்துக்கும், 1980-களில் முட்டத்துப் படகுக்கூடத்தின் வழியே பரவிய ப்ளைவுட் வள்ளங்களுக்கும், பிறகு ஃபைபர் வள்ளங்களுக்கும் இதுவே உயிர்நாடியாயிற்று. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேரும் சமயம் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவது இங்கே வழக்கம். அந்தக் கடைசி மாற்றத்தைச் சோம்பலினால் செய்யாமல் விட்டவரது எஞ்சின்தான் மறுநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பேசாமல் இருக்கும். மண்ணெண்ணெய் நிறைந்த கார்புரேட்டருடன் குளிர்ந்துபோன எஞ்சின் எளிதில் பற்றுவதில்லை.

விற்பவரது வாய்மொழியிலிருந்து தொடங்குவோம். "கடைசியா கடலுக்குப் போனப்ப நல்லாத்தான் ஓடிச்சு அண்ணே, கார்புரேட்டரைக் கழுவினா போதும்" என்பது, கரைதோறும் சிறிதும் மாறாமல் கேட்கக்கூடிய வாக்கியம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் அதை மனப்பூர்வமாக நம்பியே சொல்கிறார். ஆனால் கழுவினால் போதுமானால் அவரே கழுவியிருக்கலாமே என்ற கேள்வி அந்த வாக்கியத்தை ஒட்டியே எழுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்ட அரை நாள் வேலையும் சொற்பச் செலவும்தான் ஆகும். ஓடுகிற எஞ்சினுக்குக் கிடைக்கும் விலையோ ஓடாத எஞ்சினுக்குக் கிடைப்பதைப்போலப் பல மடங்கு. அரை நாள் உழைப்பில் பல மடங்கு லாபம் காத்திருக்கையில் ஒருவர் அதை வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால், அதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும்.

அத்தகைய நியாயமான காரணங்கள் இல்லாமலும் இல்லை. எஞ்சினுக்குரியவர் பஹ்ரைனுக்கோ துபாய்க்கோ மீன்பிடி வேலைக்குப் போய்விட்டார், வீட்டிலிருக்கும் வயதானவர்களுக்கு அதன் தலையும் தெரியாது காலும் தெரியாது என்பது ஒன்று. குடும்பத் தலைவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்பது மற்றொன்று. பெரிய வள்ளம் கட்டி அதற்கேற்பப் பெரிய எஞ்சின் வாங்கிவிட்டார், சிறியதை ஏறெடுத்துப் பார்க்க அவகாசமில்லை என்பது இன்னொன்று. இப்படிக் காரணம் யந்திரத்துக்கு வெளியே இருக்குமானால் நம்பிக்கைக்கு இடமுண்டு; அந்த எஞ்சின் கேட்பாரில்லாமல் நின்றிருக்கிறதேயன்றி அடிபட்டு நிற்கவில்லை. இதற்கு மாறாக, "மெக்கானிக் ஒருத்தர் பார்த்தாரு, பிறகு வரேன்னு போனவரு வரல்ல" என்று வார்த்தை இழுபடுமானால், பார்த்த மெக்கானிக் எதைக் கண்டு வராமல் போனார் என்று யோசிப்பது நலம். விற்பவரோடு வாதாடுவதைவிட, அந்த வீட்டுக்காரர் இப்போது எந்த எஞ்சின் வைத்துத் தொழிலுக்குப் போகிறார், இது எப்போது கடைசியாகக் கடலைக் கண்டது, கவிழ்ந்த வள்ளத்தோடு முழுகியதுண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அதிகம் தெரியும். கடலோரத்து ஊர்களில் எவருடைய எஞ்சினின் சரித்திரமும் ரகசியமாக இருப்பதில்லை.

விசாரணை முடிந்தபின் பரீட்சை. முதற்காரியம், மூடியைக் கழற்றிவிட்டு, கயிற்றை இழுக்காமல், ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்ப்பது. கடிகாரச் சுற்றாகத்தான் சுற்ற வேண்டும். எதிர்ச் சுற்றாகச் சுற்றினால் கீழே தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் மடங்கி ஒடியக்கூடும். சுற்றுகையில் ஓரிடத்தில் கை கனத்து, பிறகு விட்டுக்கொடுத்து, மறுபடியும் கனக்குமானால் அது நல்ல அடையாளம். சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிறது என்று அதற்கு அர்த்தம். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். ரிங் தேய்ந்தோ பிஸ்டன் ஓட்டையாகியோ காற்று வெளியேறுகிறது. அசையவே இல்லையென்றால் ஜாம்.

ஜாம் ஆன எஞ்சினைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மலிவு விலையில் வருகிறவற்றில் இந்த ஜாதி கணிசமானது என்பதோடு, வாங்கலாமா வேண்டாமா என்ற தீர்ப்பு மிக நுட்பமாகப் பிரிகிற இடமும் இதுதான். ஜாம் இரண்டு வகை. உப்புக்காற்றும் ஈரமும் புகுந்து சிலிண்டர்ச் சுவரில் துரு பிடித்து, ரிங் அதனோடு ஒட்டிக்கொண்டது ஒன்று. தண்ணீர்ச் சுற்று அடைபட்டோ, எண்ணெய் கலக்காத எரிபொருளில் ஓடியோ, அளவுமீறிச் சூடாகி, பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டரோடு அப்பிக்கொண்டது மற்றொன்று. முதல் வகைக்குப் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிட்டு, ஃப்ளைவீலின் நடு நட்டில் ஸ்பேனர் போட்டு மெல்ல மெல்ல அசைத்துப் பார்த்தால் விடுபட வாய்ப்புண்டு. விடுபட்டாலும் ரிங்கை மாற்றியே தீர வேண்டும். இரண்டாம் வகைக்கு ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைத் தவிர வழியில்லை; அதுவும் சிலிண்டரில் தோண்டுண்ட ஆழம் இடம் கொடுத்தால்தான். எந்த வகை என்பதை எப்படி அறிவது? சிலிண்டர் ஹெட்டின் மேலுள்ள பெயின்ட் பொரிந்து கறுத்திருந்தால் சூடு என்பது அநேகமாக நிச்சயம். பிளக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கையில் சுவர் செங்காவி நிறமாகத் தெரிந்தால் துரு. பிளக்கின் முனையில் வெள்ளிப்பொடி ஒட்டியதுபோல நுண்ணிய அலுமினியத் துகள்கள் மின்னினால், பிஸ்டனின் தலை கரைந்து வந்திருக்கிறது. அத்துகள்களைக் கண்டபிறகு மேற்கொண்டு விலை பேசுவது வீண்.

பிளக்குகளைக் கழற்றியபோதே அவற்றை வரிசை மாறாமல் கீழே வைத்து ஒப்பிடுவதும் நல்லது. எண்ணெய்க் கறுப்பு இருபுறமும் ஒரே சீராக இருந்தால் குற்றமில்லை. ஒன்று கறுத்து, மற்றொன்று ஆவியில் வெந்து கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால், அந்தப் பளிச்சென்ற சிலிண்டருக்குள் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. சுத்தமாக இருப்பதே குற்றத்துக்கு அத்தாட்சியாகிற இடம் யந்திர சாஸ்திரத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது கம்ப்ரெஷன். கேஜ் இருந்தால் பிளக் ஓட்டையில் பொருத்தி, எரிபொருள் கைப்பிடியை முழுவதும் திறந்துவைத்து, கயிற்றைப் பலமாக நாலைந்து தடவை இழுத்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினானால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குக் குறையாத அழுத்தம் ஆரோக்கியத்தைக் காட்டும் என்பது பொதுவிதி. ஆனால் இந்த விதியை மனப்பாடம் செய்துகொண்டு குமரிக்கரைக்கு வருகிறவர் நல்ல எஞ்சின்களையும் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மண்ணெண்ணெய்க்கென்றே கம்பெனியில் செய்யப்பட்ட எஞ்சின்களில், அந்த எரிபொருள் முன்கூட்டியே வெடித்துத் தட்டாமலிருக்கும் பொருட்டு, அழுத்த விகிதத்தையே குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அவற்றின் கேஜ் அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். அளவின் உயரத்தைவிட, இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசமே முக்கியம். ஒன்றுக்கொன்று பத்துச் சதவீதத்துக்குமேல் பிசகினால், தாழ்ந்த பக்கத்தில் வேலை இருக்கிறதென்று கொள்ள வேண்டும். கேஜ் இல்லாத மெக்கானிக்குகள் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு கயிற்றை இழுக்கச் சொல்வார்கள். விரலைத் தள்ளிக்கொண்டு 'பொக்'கென்று காற்று வந்தால் திருப்தி. இந்த விரல் பரீட்சையை நான் இகழ மாட்டேன், இரண்டு சிலிண்டர்களையும் அடுத்தடுத்து ஒப்பிடுவதற்கு அது போதுமானது.

நெருப்புப்பொறி வருகிறதா என்பதைப் பார்ப்பது சுலபம். பிளக்கைக் காயில் வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் வெற்று உலோகத்தில் அழுத்திவைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி பாய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறேன். பொறி வராவிட்டால் காயில், சார்ஜ் காயில், சி.டி.ஐ. பெட்டி என்று சந்தேகப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் இறங்குமுன், ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காகச் சில மாடல்களில் சுருள்கயிறு கட்டிய ஒரு சிறு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், அது தன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளிப் தொலைந்துபோன எஞ்சினில், மற்றெல்லாம் செம்மையாக இருந்தாலும், பொறி வராது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டவர், எஞ்சின் செத்துவிட்டதென்று தீர்மானித்து அதை மூலையில் சாத்திவிடுவார். மலிவு எஞ்சின் வாங்கிப் பெரும் லாபம் அடைந்தவர்களின் கதைகளில் இந்தக் கிளிப்புக்குச் சிறப்பான ஸ்தானம் உண்டு.

எரிபொருளைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. நெடுநாள் நின்ற எஞ்சினின் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி அரக்குபோல் பிசினாக நிற்கும். இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகப் பிரிந்து ஜெட்டுகளை அரிக்கவும் செய்கிறது. இவையெல்லாம் கழுவினாலும், சிற்சில உறுப்புகளை மாற்றினாலும் தீர்ந்துபோகிற தோஷங்கள். விற்பவரது வாக்கியம் மெய்யாகிற இடம் இது.

பார்க்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் எஞ்சினின் தலையையே பார்க்கிறார்கள். தண்ணீருக்குள் முழுகி நிற்கும் காலை மறந்துவிடுகிறார்கள். புரொப்பெல்லருக்கு முன்னால் டார்பிடோ போல உருண்டிருக்கும் பகுதிக்குள்தான் பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிச் சுழல்கின்றன. அதன் அடியிலும் மேலுமாக இரண்டு திருகுகள் உண்டு. ஒரு வயதான மெக்கானிக் இதைப் பரீட்சித்த விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எஞ்சினை நிமிர்ந்த நிலையில் சிறிது நேரம் அசையாமல் வைத்துவிட்டு, அடித்திருகை அரைச்சுற்றுக்குமேல் தளர்த்தாமல், அதன் கீழே தம் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். முதலில் இரண்டு சொட்டுத் தெளிந்த தண்ணீர், அதன்பின் பால் கலந்த காப்பியின் நிறத்தில் எண்ணெய். எஞ்சினை வாங்க வந்திருந்த இளைஞரைப் பார்த்து, "தண்ணி கனம், அதான் முதல்ல இறங்குது தம்பி, சீல் போயிருக்கு" என்றார். பிறகு விரல்களுக்கிடையே அந்தக் குழம்பைத் தேய்த்து, வெயிலில் காட்டி, ஏதேனும் மின்னுகிறதா என்று நெடுநேரம் பார்த்தார். மின்னவில்லை. "பல்லு தேயல்ல. சீல் மாத்தினா ஓடும், ஆனா ஷாஃப்டில் சீல் ஓடுற தடம் குழிஞ்சிருந்தா புது சீலும் நிக்காது, அதைக் கழட்டிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்று முடித்தார். அவ்விளைஞர் அதுவரை பேசிவைத்திருந்த விலை அந்த இரண்டு சொட்டில் கணிசமாக இறங்கிற்று. எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். திருகை இறுக்கிக்கொண்டே, பல்சக்கரங்களும் பேரிங்குகளும் சேர்ந்து ஒரு பழைய எஞ்சினின் விலைக்குமேல் போய்விடும் என்றார்.

புரொப்பெல்லரைச் சுற்றிவிட்டு, அதன் அச்சு தள்ளாடுகிறதா என்று பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை. பாறையில் மோதி அச்சு வளைந்திருந்தால் சீல் போனதன் காரணமும் கூடவே விளங்கிவிடும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் கடலோர யந்திரத்தைப் பற்றிப் பேசியதாகாது. எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்நீரையே உள்ளே சுற்றவிடுவதால், அலுமினியச் சட்டத்துக்குள் உள்ள நுண்ணிய வழிகளில் உப்பு கல்லாகப் படிந்து அடைக்கிறது; அலுமினியத்துக்குள் முடுக்கிய துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகள், இரு உலோகங்களும் உப்புநீரில் சேர்ந்திருக்கையில் அலுமினியம் அரிபடுவதனால், வெள்ளைப்பொடி பூத்து இறுகிவிடுகின்றன. ஸ்பேனர் போட்டதும் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்துவிட்டால், மிச்சத்தைத் துளைத்தெடுத்துப் புதுத் திரெட் வெட்டுவதற்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். இருநூறு ரூபாய் கேஸ்கெட் மாற்றப் போன காரியம் இப்படித்தான் இரண்டு வார வேலையாக விரிகிறது. ஆகையால் மூடியைக் கழற்றியவுடன், வாங்குகிறவர் தாமே அதிகம் பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் மூடியின் போல்ட் வரிசையைத்தான். அவை கறை படிந்தாலும் வடிவம் கெடாமல் இருக்கின்றனவா, முன்பே யாரோ அடித்துத் திருப்பி முனை மழுங்கியிருக்கின்றனவா என்பது, உள்ளே எத்தகைய கைகள் புகுந்து வெளியேறின என்பதைக் காட்டிவிடும். தகுதியற்ற கையால் பிரிக்கப்பட்ட எஞ்சினைவிட, எந்தக் கையும் படாமல் துருவேறிய எஞ்சின் எவ்வளவோ மேல்.

முழுகிய எஞ்சினின் நிலை தனி. கடலில் விழுந்ததை அன்றே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு ஓட்டிவிட்டால் பிழைக்கும். எடுத்தபின் காற்றுப்பட ஒரு வாரம் வைத்திருந்தால், கிராங்க் அச்சின் உருளைப் பேரிங்குகளில் துரு ஏறி, பிறகு ஓடினாலும் நாளடைவில் நொறுங்கும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை குளச்சல் கரையைத் தாக்கியபோது, மணலுக்குள்ளும் உப்பங்கழிகளிலும் புதைந்த எஞ்சின்களைத் தேடி எடுக்கிற மனநிலையில் அங்கு எவர் இருந்திருக்க முடியும்? மனிதர்களைத் தேடிய நாட்கள் அவை. பின்னால் தோண்டி எடுக்கப்பட்டவை தலையும் காலும் கெடாமல் தோன்றினாலும், உள்ளே உப்பு தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

இத்தனை பரீட்சைக்கும் விற்பவர் இணங்குவாரா என்ற கேள்வி எழலாம். இணங்காதவரிடம் வாங்கக்கூடாது என்பதே என் பதில். கியர் எண்ணெய்த் திருகைத் தொடவிடாத ஒருவர், அதற்குள் என்ன இருக்கிறதென்று முன்பே பார்த்தவராகத்தான் இருப்பார். எண்பட்டை பிய்ந்தோ சுரண்டியோ இருந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான்; திருட்டு எஞ்சினாக இராவிட்டாலும், மாடலும் வருஷமும் தெரியாமல் ஸ்பேர் வாங்க முடியாது. பில் இருக்கிறதா, மீனவர் சங்கத்துக் கடனோ அரசாங்க மானியமோ இன்னும் அதன்பேரில் நிற்கிறதா என்பதையும் எழுத்து மூலமாக அறிய வேண்டும். அச்சின் நீளத்தையும் அளந்துகொள்ளலாம். 15 அங்குலக் குட்டை அச்சு எஞ்சினை 20 அங்குலப் பின்பலகையில் மாட்டினால் புரொப்பெல்லர் காற்றைத்தான் கடையும்.

இனி, வாங்குகிறவர் யார் என்பது. இதை ஏனோ எவரும் கேட்பதில்லை. எனக்கோ மற்றெல்லாக் கேள்விகளையும் இதற்குப் பிறகே வைக்கத் தோன்றுகிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பொருத்தமானது. 1939-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், கார்ல் கீக்ஹாஃபர் என்ற முப்பத்திரண்டு வயதுப் பொறியியல் ஆர்வலர், விஸ்கான்சினில் சீடர்பர்க் என்ற சிற்றூரில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். பால்பண்ணைகளுக்கு வேண்டிய காந்தப் பிரிகருவிகள் செய்வதே அவருடைய உத்தேசம். தொழிற்சாலையோடு கூடவே, மான்ட்கோமரி வார்ட் என்ற பெரிய தபால் வியாபாரக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு, பழுதானவையென்று கழிக்கப்பட்ட முந்நூறு படகு எஞ்சின்கள் அவர் தலையில் விழுந்தன. கையில் பணம் வேண்டியிருந்ததனால் அவற்றைப் பிரித்துத் திருத்தி, கழித்த கம்பெனிக்கே மறுபடியும் விற்றார். அவை நன்றாக ஓடியதைக் கண்ட அக்கம்பெனி இன்னும் வேண்டுமென்று கேட்டது. மெர்குரி என்ற பெயரால் உலகமெங்கும் இன்று விற்கிற எஞ்சின்களின் குலம் இப்படித்தான் தொடங்கிற்று. ஓடாத மலிவு எஞ்சினை வாங்குகிறவர்களுக்கு இதைக்காட்டிலும் உற்சாகமூட்டும் திருஷ்டாந்தம் கிடைக்காது. ஆனால் இக்கதையைச் சொல்லி ஒருவரை உற்சாகப்படுத்துவது அநியாயமாகும். கீக்ஹாஃபரிடம் லேத்துகளும் ஆட்களும் நிறைந்த ஒரு தொழிற்சாலை இருந்தது. அதைவிட முக்கியமாக, ஒரே ஜாதியைச் சேர்ந்த முந்நூறு எஞ்சின்கள் இருந்தன. ஒன்றில் கண்ட குறை மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும் பாடமாயிற்று.

நம் கரையிலும் வாங்குகிறவரது நிலையைப் பொறுத்ததே தீர்ப்பு. ஒரே ஒரு வள்ளமும் அதற்கு ஒரே ஒரு எஞ்சினும் வைத்துத் தினசரிக் கடலை நம்பிப் பிழைக்கிற மீனவர், ஓடாத எஞ்சினை மலிவென்று வாங்குவது உசிதமல்ல. யந்திரம் கெட்டதாக இருக்கவேண்டும் என்பதில்லை. பிஸ்டன் செட் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டுமென்று மெக்கானிக் கைவிரிக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறில்லாத நாள். அவருக்கு ஓடுகிற பழைய எஞ்சின், விலை அதிகமானாலும், மலிவு. அதே மாடல் எஞ்சின் ஒன்றை ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருப்பவருக்கோ, இந்த நின்றுபோன எஞ்சின் ஒருபோதும் நஷ்டமாவதில்லை. தலை கெட்டிருந்தால் கால் உதவும். காயில், ஸ்டார்ட்டர்க் கயிற்றுப் பெட்டி, புரொப்பெல்லர், பின்பலகைப் பிடிப்பு, மூடி, எதுவும் வீண்போகாது. ஒருவேளை திருத்தி ஓடவைக்கவே முடிந்தால் கடலில் இரண்டாவது எஞ்சின் துணையாக இருக்கும். ஆகவே எந்த மாடல் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, தன் ஊரில் அதிகம் பேர் வைத்திருக்கிற மாடல் எதுவோ அதுவே நல்லது என்பதுதான். வெளிநாட்டுக்காரர் எவரோ விட்டுச்சென்ற அழகான எவின்ரூட் ஒன்று அற்ப விலைக்கு வந்தாலும் குமரிக்கரையில் அதைத் தொடலாகாது. அந்த எஞ்சின்களின் உற்பத்தியையே 2020-இல் நிறுத்திவிட்டார்கள்.

விலையை இப்படிக் கணக்கிடலாம். ஊரில் அதே மாடல் ஓடுகிற நிலையில் என்ன விலை போகிறது என்று அறிந்து, அதிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த பழுதுகளுக்கான ஸ்பேர்களும் கூலியும் கழித்து, மிஞ்சியதைப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதி, கண்ணுக்குத் தெரியாத பழுதுகளின் பங்கு. இப்படி வரும் தொகை சில சமயம் அலுமினியமாக எடைபோட்டு விற்கிற விலைக்கே வந்துவிடும். 15 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 35 முதல் 40 கிலோதான் இருக்கும், அந்த எடைக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் கொடுப்பதைக் காட்டிலும் குறைத்துக் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வது நியாயமே. ஜூன், ஜூலை மாதங்களில், விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் 61 நாள் தடை இருக்கையில், தடைக்கு உட்படாத வள்ளங்கள் கடல் இடங்கொடுக்கிற நாளெல்லாம் ஓட ஆசைப்படும். அப்போது எந்த எஞ்சினுக்கும் விலை ஏறும், ஓடாததற்கும்கூட. அவசரமில்லாதவர் அம்மாதங்களைக் கடந்து வந்து பேசுவது லாபம். பேசி முடிக்குமுன், எரிபொருள் டாங்க்கும், பம்ப் பந்து வைத்த ஹோஸும், பின்பலகையில் முறுக்குகிற இரண்டு திருகுகளும் அந்த விலைக்குள் அடக்கமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் டாங்க்கையும் ஹோஸையும் புது எஞ்சினுக்கு மாற்றிக்கொண்டு, எஞ்சினை மட்டும் தனியே நிறுத்தி வைத்திருப்பார்கள்.